பானுவின் மலிவுக் கோட்டு

காலையில் எங்கள் அடுக்ககத்துக்குள் பால் பாக்கெட்டுக்கு அடுத்தபடியாக நுழைகிறவள் பானுப்பிரியா. ஆவடியில் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது அவள் வேலை. என் கணவர் நடேசனுக்கு இதயத்தில் வால்வு மாற்றியதிலிருந்து வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டியிருக்கிறது. ஊசியைக் கண்டதும் அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். அந்தக் கண்ணராவியைப் பார்க்காமல் இருக்க நான் பானுவிடம் பேச்சுக் கொடுப்பேன். இது அப்படித் தெரிந்துகொண்ட கதை.

பானுவுக்கு வயது முப்பத்தெட்டு இருக்கும். வீடு கள்ளிக்குப்பத்தில். கணவர் ஜெகதீசன் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். மாமனார் காலம்வரை அந்தக் குடும்பம் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனது. அந்த வயல்களில் ஒன்றின்மேல்தான் எங்கள் அடுக்ககம் நிற்கிறது என்று ஒருநாள் சொன்னாள். பெருமூச்செல்லாம் விடவில்லை. "அப்பவும் இங்க கொசுதான் மேடம்" என்றாள்.

முன்பு அவள் நிலையத்துக்குள்ளேயே உட்கார்ந்து டியூபில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்த வேலை. ஸ்கூட்டர் வாங்கிய பிறகுதான் வெளியே அனுப்பினார்கள். விடியும்போது கிளம்பி, வேப்பம்பட்டு வரைக்கும் போய்வருவாள். சம்பளம் கொஞ்சம் கூடியது. அதைவிட, கேட்பவர் இல்லாமல் காற்றில் போய்வருகிற அந்தக் காலை நேரம் அவளுக்குப் பிடித்துப்போனது. வண்டி போனால் மறுபடி சுவர்தான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

போன வருட மழையில், தண்ணீர் மூடியிருந்த ஒரு பள்ளத்தில் வண்டியை விட்டு விழுந்தாள். தலைக்கவசம் போட்டிருந்ததால் தலை தப்பியது. வலது முழங்கைத் தோல் மொத்தமும் ரோட்டோடு போய்விட்டது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்ததாம். தன் கையையே மடக்க முடியாதவள் அடுத்தவர் கையில் நரம்பு தேடுவது எப்படி? ஒன்றரை மாதம் வீட்டில் கிடந்தாள். அவளுக்குத் தலை வாரிவிட்டது, காயத்துக்குத் துணி மாற்றியது எல்லாம் ஜெகதீசன்தான். தங்கமான மனிதர். ஆனால் நம் ஆண்களுக்குப் பயத்தைக் கோபமாகத்தானே காட்டத் தெரியும்?

"இன்னொரு தபா வுயுந்தேன்னு வையி, வண்டிய வித்துட்டுத்தான் மறுவேல. உன்னக் கேக்கக்கூட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். வண்டியும் அவர் பெயரில் இருந்தது. பானு தலையாட்டினாள்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு இந்தக் கோட்டு யோசனை வந்தது. எங்கள் மூன்றாவது மாடியில் ஸ்ரீநாத் என்று ஒரு ஐ.டி. பையன். மாதம் ஒருமுறை மலை ஏறப் பெரிய பைக் வைத்திருக்கிறான். அவன் வீட்டுக் கூடத்தில் ரைடிங் ஜாக்கெட் ஒன்று ஆள் நிற்கிற மாதிரி தொங்கும். அதன் விலையில் பானுவின் ஸ்கூட்டரில் பாதியை வாங்கிவிடலாம். அவனுக்கு ரத்தம் எடுக்கப் போன நாளில், அவன் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டாள்: "விலை கம்மியா ஒண்ணு வாங்கினா பிரயோஜனம் உண்டா சார்?"

அவன் மழுப்பாமல் சொன்னான். "ஒரு தடவைதான் தாங்கும். ரோட்டுல தேய்ஞ்சா துணி கிழிஞ்சிடும். ஆனா நீங்க போற வேகத்துக்கு அந்த ஒரு தடவை போதும். முழங்கையிலயும் தோள்லயும் அடி தாங்கற பேட் இருக்கான்னு பாருங்க. அது இடத்தை விட்டு நகரவே கூடாது."

அம்பத்தூரில் ஒரு கடையில் இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினாள். அந்த விலைக்குப் பெண்கள் அளவு கிடையாதாம். ஆண்களுக்கான சின்ன அளவு, கறுப்பில் பச்சைக் கோடு. கை தொளதொளவென்று இருந்தது. முழங்கையில் இருக்கவேண்டிய பேட் மணிக்கட்டுப் பக்கம் உலாவப் போய்விடும். மேனாம்பேட்டில் ரவிக்கை தைக்கும் பாபுவிடம் கொண்டுபோனாள். அவன் ஊசிகளை உடைத்து, திட்டிக்கொண்டே, கோட்டின் கையைப் பிடித்துத் தைத்து, உள்ளே எலாஸ்டிக் வைத்துக் கொடுத்தான். அதன்பிறகு பேட் அசையவில்லை.

தெருவில் சும்மா விடுவார்களா? "இன்னா பானு, ராக்கெட்டுல போறியா?" என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நானே மே மாதத்தில் அவள் அதைக் கழற்றி வியர்வையைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணுக்கு எதற்கு இந்த வேஷம் என்று நினைத்தேன். அவள் ஒருநாளும் போடாமல் வந்ததில்லை. ஜெகதீசனும் தினம் காலையில் அதன் ஜிப்பை இழுத்துப் பார்த்துத்தான் அனுப்புவாராம்.

மழைக்காலம் தொடங்கிய வாரம், ஒரு திங்கட்கிழமை. பூந்தமல்லி ரோட்டில் ஓரமாக நின்ற காரின் கதவு பட்டென்று திறந்தது. பானு அதில் மோதி, வண்டியோடு சாய்ந்து, கொஞ்ச தூரம் இழுபட்டுக்கொண்டு போனாள். எழுந்ததும் முதலில் கையைப் பார்த்தாள். முழங்கை லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். மடக்கிப் பார்த்தாள், மடங்கியது. நடுரோட்டில் சிரித்துவிட்டதாகச் சொன்னாள். அப்புறம்தான் கோட்டைப் பார்த்தாள். தோளிலிருந்து முழங்கை வரை கிழிந்து, உள்ளேயிருந்த பஞ்சு நாக்கு மாதிரி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

சிரிப்பு நின்றுபோனது. கையில் மறைக்க ஒன்றுமில்லை; வண்டியில் விழுந்த கீறலும் பழைய கீறல்களோடு கலந்துவிடும். இந்தக் கோட்டை எப்படி மறைப்பது? அதை ஒரு பார்வை பார்த்தால் போதும், ஜெகதீசனுக்குத் தெரிந்துவிடும். வண்டி போய்விடும்.

நேராகப் பாபுவிடம் போனாள். அவன் பிரித்துப் பார்த்துவிட்டு, "தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சுன்னு சாமிக்குக் கற்பூரம் ஏத்துக்கா. இத இன்னாத்த தெக்கறது? தச்சாலும் தையல் தெரியும். உள்ள பேட்டும் ரெண்டா பொளந்து கீது" என்றான். பானு அதை மடித்து வண்டிச் சீட்டுக்கு அடியில் திணித்தாள். வீட்டில், நிலையத்து மாடியில் துவைத்துக் காயப்போட்டிருப்பதாகச் சொன்னாள்.

அந்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது முகத்தைச் சுற்றித் துப்பட்டா, சுடிதார், வெறுங்கை.

"எங்கே உன் கவசம்?" என்றேன்.

"தொவச்சுப் போட்டுருக்கேன் மேடம்."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மழைநாளில் யாராவது துவைப்பார்களா என்று கேட்க வாய்வரை வந்தது. ஊசி நடேசன் கையில் இருந்ததால் கேட்கவில்லை.

விழுந்தபோதுகூட வராத நடுக்கம் அந்த நாட்களில்தான் வந்தது என்று பிறகு சொன்னாள். ஈர ரோட்டில் வண்டி கொஞ்சம் வழுக்கினாலும் வலது முழங்கை தானாக உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். வியாழக்கிழமை, வேப்பம்பட்டுப் பக்கம் ஒரு லாரி உரசுகிற மாதிரி கடந்து போனது. ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். இப்போது விழுந்திருந்தால் வீட்டுக்காரர் பார்க்கப்போவது கோட்டை அல்ல, கையை. இந்தப் பொய் யாருக்காக என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ஜெகதீசன் வேலையிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பானு வண்டிச் சீட்டைத் திறந்து கோட்டை எடுத்துவந்து அவர் முன்னால் தரையில் விரித்துவைத்தாள்.

"இன்னாது இது?"

"வுயுந்துட்டேன். திங்கக்கெயம."

தட்டைத் தள்ளிவைத்தார். இடது கையால் அவள் முழங்கையைப் பிடித்து, டியூப் லைட்டுக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அமுக்கிப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்ல. கோட்டுதான் வாங்கிகிச்சு."

கிழிசலுக்குள் விரலை விட்டு, உடைந்துபோன பேடைத் தொட்டுப் பார்த்தார். பானுவுக்குப் பொறுக்க முடியவில்லை.

"வண்டிய எப்ப விக்கப் போற? சொல்லிடுய்யா."

அவர் வேறொன்று கேட்டார்.

"திங்கக்கெயமலேர்ந்து இன்னா போட்டுகினு போன?"

"சுடிதாரு."

"இந்த மழையிலயா?"

"ஆமா."

"வேற ஒண்ணு வாங்கிக்கினா இன்னா?"

"வாங்குனா ஏன்னு கேப்ப. சொன்னா வண்டிய வித்துருவ. நீதான சொன்ன?"

ஜெகதீசன் அவளையே பார்த்தார். சோற்றுக் கை காய்ந்துகொண்டிருந்தது.

"அப்ப ரோட்டுக்கு பயப்படல. எனக்கு பயந்துகினு வெறுங்கையோட போயிருக்க."

அவள் ஆமாம் என்றாள்.

பானு அதுவரை அவர் அழுது பார்த்ததில்லையாம். எலும்பு தெரிந்த நாளில்கூடக் கத்தினாரே தவிர அழவில்லை. இப்போது கண் கலங்கத் தலையைக் குனிந்துகொண்டு, "அந்தப் பேச்ச நான் பேசியிருக்கவே கூடாது பானு" என்றார். "நீ வுயு, எந்திரி, இன்னாவாச்சும் ஆவட்டும். மொத போனு எனக்குத்தான் வரணும். வண்டி உன்னுது. நாளைக்கே உன் பேருக்கு மாத்திடறேன்."

அவள் வாயைத் திறப்பதற்குள் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"கெளம்பு. அந்தக் கோட்டுக் கட சாத்தறதுக்குள்ள போவணும்."

"காலையில வாங்கிக்கலாம், மழ பேயுதே" என்றாள் பானு.

"அதான் சொல்றேன்" என்று சொல்லி, சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.