வலிக்காத கட்டைவிரல்

செங்கல்பட்டில் என் பிசியோதெரபி அறைக்கு வந்தவர்களில் கதவைத் தானே திறக்காதவர் அந்த இளைஞர் ஒருவர்தான். அவருடைய அப்பா திறந்துவிட்டார். தண்ணீர் பாட்டில் மூடியையும் அப்பாவே திருகிக் கொடுத்தபோது எனக்கு எரிச்சலாக வந்தது. இளைஞர் மொபைல் கேம் போட்டிகளில் சம்பளத்துக்கு ஆடுபவராம். மாமல்லபுரத்தில் ஒரு கடலோர பங்களாவில் டீமோடு தங்கிப் பயிற்சி எடுக்கிறாராம். ஆனால் வெயிலே படாதவர்போல் வெளுத்திருந்தார். வலது கையை இடது கையால் பொத்தியபடியே உட்கார்ந்திருந்தார்.

“கட்டவெரலு வலிக்குதுன்றான் சார். அடுத்த வாரம் மேட்ச் கீது,” என்றார் அப்பா. “மறைமலைநகர் வேலைய வுட்டுட்டு இவன் கூடவே சுத்திகினு கீறேன். வூடே இந்த வெரல நம்பித்தான் ஓடுது.”

அழுத்திப் பார்த்தேன், மடக்கிப் பார்த்தேன். விரலில் ஒரு குறையும் இல்லை. சொன்னதும் அப்பா மகனின் கையை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். டீமுக்குச் சொல்லப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

“வலி இருக்குதுன்னு சொல்லியிருக்கலாமே சார்,” என்றார் மகன்.

“வலிக்குதா?”

“இல்ல. வலிச்சா ஆட்டத்த வுட்டுடலாம்.”

“புடிக்கலன்னு அப்பாகிட்ட சொல்லிப் பாரேன்ப்பா.”

“எப்பிடி சார்? காலேஜ் வாணாம், ஆட வுடுன்னு அவர்கிட்ட அடம் புடிச்சு சாப்டாம கெடந்ததே நான்தான்.”

இத்தனை வருஷத்தில், உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னதற்காக யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. அப்பா சிரித்த முகத்தோடு உள்ளே வந்துவிட்டார்.

மகன் எழுந்து, கையைப் பொத்திக்கொண்டு கதவருகே போய் நின்றார், அப்பா வந்து திறக்கட்டும் என்று.