பிளஸ் சாரின் 273

“தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் 273-ஐக் கூட்டிட்டுத்தான் கண்ணையே திறப்பேன்.”

வெப்ப இயக்கவியலின் முதல் வகுப்பில் ஆண்டுதோறும் இப்படி முழங்குபவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் பிளஸ் சார். செல்சியஸில் தந்த வெப்பநிலையோடு 273-ஐக் கூட்டிக் கெல்வினாக்கிய பிறகே கணக்கில் கை வைக்கவேண்டும் என்பது அவர் கட்சி. அதற்கு அவரே தலைவர், அவரே தொண்டர்.

மகளுக்குக் காய்ச்சல் என்று மனைவி பதறினால், தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “முந்நூத்திப் பன்னெண்டு. பயப்படாத” என்பார்.

“டாக்டர்கிட்ட இப்படிச் சொல்லிடாதீங்க. அவளை விட்டுட்டு உங்களைப் படுக்க வச்சிடுவாரு.”

273-ஐ மறந்தவர்களுக்குப் பூஜ்யம். அதோடு விட்டாரா? தாளின் தலையில் சிவப்பு மையால் ‘273 எங்கே?’ என்று எழுதி, தன் அறைக் கதவில் குத்தி வைப்பார். பக்கத்து அறை வரைபட ஆசிரியர் போகிற போக்கில், “என்னய்யா, இன்னிக்கு எத்தனை தலை?” என்று விசாரிப்பார்.

இந்த முறை மறுதேர்வில் ஒரே ஒரு தலைதான் விழுந்தது. எழுதியது ஏழு பேர். 327 டிகிரி செல்சியஸுக்கும் 27 டிகிரி செல்சியஸுக்கும் நடுவே ஓடும் எஞ்சினின் உச்சத் திறன் என்ன என்ற கேள்விக்கு, பரம்பரையாக 273-ஐ மறக்கும் ஆறு பேர் தொண்ணூற்றிரண்டு சதவீதம் என்று எழுதியிருந்தார்கள். அவருடைய விடைக்குறிப்பிலும் அதேதான். தன் போதனை பலித்த பூரிப்பில் பிளஸ் சார் அன்று இரண்டு டீ குடித்தார். ஐம்பது என்று எழுதிய ஒருத்திக்கு மட்டும் பூஜ்யம். கடைசி வரியை மட்டும் பார்த்துத் திருத்துவது அவர் வழக்கம்.

மறுநாள் அவள் தாளோடு வந்து நின்றாள். பாய்லர் கம்பெனியில் வேலை உறுதியாகியிருந்தது. இந்தப் பாடம் தேறாவிட்டால் அது கைநழுவிவிடும்.

“273-ஐ மறந்துட்டு வேலை கேட்டா எப்படிம்மா?”

“கூட்டினேன் சார். கூட்டினதாலதான் பூஜ்யம் வந்திருக்கு.”

“அதெப்படி வரும்?”

“நீங்களே போட்டுப் பாருங்க சார். தொண்ணூத்திரண்டு சதவீத எஞ்சின் நெசமாவே இருந்தா, எனக்கு அந்த வேலையே வேண்டாம். அதை வித்தே பொழச்சுக்குவேன்.”

பிளஸ் சார் போட்டுப் பார்த்தார். அறுநூறு. முந்நூறு. பாதி. பேனா நின்றது. பிறகு தன் விடைக்குறிப்பை முதல் வரியிலிருந்து படித்தார். 327 அப்படியே இருந்தது. 27-உம் அப்படியே இருந்தது.

அவள் தாளில் பூஜ்யத்தை அடித்து முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டார். “போய் வேலையில சேரும்மா” என்றார். மற்ற ஆறு தாள்களையும் மறுபடி திருத்த எடுத்து வைத்தார்.

அவள் போன பிறகு, தன் விடைக்குறிப்பின் தலையில் சிவப்பு மையால் ‘273 எங்கே?’ என்று எழுதினார். எழுந்து போய் அதைக் கதவின் நட்டநடுவில் வைத்து, குண்டூசியைக் கட்டைவிரலால் அழுத்தினார்.