கப்டனுக்குக் குத்திய பொப்பிப் பூ

மொன்றியலில் ஒரு வயோதிபர் இல்லத்தில் இருபது வருடம் பராமரிப்பு வேலை செய்தேன். குளிப்பாட்டி, பம்பர்ஸ் மாற்றி, ஆட்களைத் தூக்கி இருத்தி, இடுப்புப் போனதுதான் மிச்சம். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு என் முதல் நவம்பரைச் சொல்கிறேன்.

போரில் இறந்தவர்களை நினைத்து இங்கே அந்த மாதம் சட்டையில் சிவப்புப் பொப்பிப் பூ குத்துவார்கள். ஊரில் போரில் செத்த எங்கள் பிள்ளைகளுக்காக நாங்களும் கார்த்திகையில் பூக் குத்துவோம். கூட்டத்துக்கு வந்தவர் யாரென்று விசாரிக்காமல் எல்லாருக்கும் குத்துவோம். அந்தப் பழக்கத்தில், உடுப்பு மாற்றும்போதே எல்லாருக்கும் குத்திவிட்டேன்.

சாப்பாட்டறை வாசலில், என்னோடு வேலை செய்த யோகன் அண்ணை மறித்தார்.

"உந்தக் கார்லுக்கும் குத்தினனியே? ஃபைலைப் பாக்கேல்லையோ? அந்தாள் இரண்டாம் உலகச் சண்டையிலை ஜெர்மன்காரற்ரை நீர்மூழ்கிக் கப்பல் கப்டன். இந்த சென் லோறன்ஸ் ஆத்து வாயிலை வந்து கப்பலுகளைத் தண்ணிக்குள்ளை தாட்டவர். பேந்து பிடிபட்டு, கனடாவிலையே மறியலிலை கிடந்தவர். சண்டை முடிய மொன்றியலுக்கு வந்து துறைமுகத்திலை கிரேன் திருத்தினவர்."

"ஐயோ அண்ணை!"

"அவர் தாட்ட கப்பல் ஒண்டிலைதான் இஞ்ச இருக்கிற மதாம் லூசியின்ரை தமையன் செத்தவன். கார்ல் இஞ்ச வந்த கிழமையே லூசி கப்பல் பேரைக் கேட்டு அறிஞ்சிட்டா."

அப்படியிருந்தும் இரண்டு வருடமாக இருவரும் ஒரே மேசையில்தான் சாப்பிட்டார்கள். கார்லுக்குக் கை நடுங்கும். லூசிதான் இறைச்சி வெட்டிக் கொடுப்பார். அந்தக் கதையை மட்டும் பிறகு இருவரும் எடுக்கவில்லை. கார்லைப் பார்க்க வெளியிலிருந்து ஒருவரும் வருவதில்லை.

நான் அவர்களின் மேசைக்கு ஓடிப்போனபோது லூசி பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். கார்ல் அதை உள்ளங்கையால் மறைத்தார்.

"தண்ணியிலை கிடந்தவையிலை ஆரையும் தூக்கினனீங்களோ?" என்று லூசி பிரெஞ்சில் கேட்டார்.

"இல்லை. பாத்தனான். பேந்து தண்ணிக்குக் கீழை இறங்கிட்டம்," என்றார் கார்ல்.

லூசி கத்தியை வைத்துவிட்டு எழும்பினார். அடுத்த நாள் வேறு மேசை கேட்டார். கதிரையை மாற்றி வைத்ததும் நான்தான். அவர்கள் இரண்டு வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை ஒரு குண்டூசியால் கெடுத்துவிட்டேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஃபைலைப் படியுங்கள். படித்தாலும் போதாது, எதைச் செய்ய முன்னும் அந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தை மாதம் கார்ல் இறந்தார். லூசியிடம் சொல்லப் போனேன்.

"தனியவோ போனவர்?"

"இல்லை மதாம். நான் கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்."

"நல்லது," என்றார். பிறகு, "என்ரை தமையனுக்குத்தான் ஒருத்தரும் இருக்கேல்லை," என்றார்.