என் வீட்டுக்காரர் தைத்த கார்

என் வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் டேப்பு என்றுதான் சொல்வார்கள். தையற்காரர். கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. கல்யாண வீடு, சாவு வீடு, ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் அது தொங்கிக்கொண்டுதான் இருக்கும். கழற்றி வையுங்களேன் என்று நான் சொல்லாத நாளில்லை. "இருந்தா என்ன, உன் கழுத்தையா இறுக்குது?" என்பார். வாயில் நான் அவருக்கு மேலே. பிடிவாதத்தில் அவர் கிட்டேகூட நான் நிற்க முடியாது.

அப்படிப்பட்ட மனிதர், தலை முக்கால்வாசி நரைத்த பிறகு, வெல்டிங் கற்றுக்கொண்டார். காரணம் என் இடுப்பு.

இடுப்பு மூட்டை ஒருமுறை மாற்றினார்கள்; அது கழன்றுகொண்டது. திரும்பத் திறந்து மாற்றினார்கள். அப்புறம் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முழங்கால் உயரத்துக்குக் கீழே எதிலும் உட்காரக்கூடாது, காலைத் தூக்கி வைத்து எதிலும் ஏறக்கூடாது, இன்னொரு தடவை கழன்றால் நடப்பதை மறந்துவிட வேண்டியதுதான் என்று. பஸ்ஸின் படி உயரம். டாக்ஸியின் இருக்கையோ தரையோடு தரை. அதைவிடப் பெரிய வண்டிகளில் ஏற எனக்கு ஏணி வேண்டும். ஆகவே வீடே கதி என்றாகிவிட்டது. வீடு, முன்னறையில் அவருடைய தையல் கடை, மிஞ்சினால் ஊன்றுகோலோடு அடுத்த தெரு. அவ்வளவுதான் என் உலகம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அக்காவை நினைத்தால்தான் பொறுக்காது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், காரில் போனால் அரை நாள் தூரத்தில் இருக்கிறாள். படுத்த படுக்கையாகிவிட்ட அத்தானை விட்டு அவளால் ஓர் எட்டு நகர முடியாது. போதாக்குறைக்கு அவளுக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. எதிரே உட்கார்ந்து பேசினால் உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் பிடித்துக்கொள்வாள், கெட்டிக்காரி. போனில் அது நடக்காது. முகம் தெரிகிற போனிலும் என் வாய் ஓரிடத்தில் நின்றுவிடும், படம் துள்ளும், அவள் "என்ன? என்ன?" என்று கத்துவாள். கடைசியில் இரண்டு பேரும் கையை ஆட்டிவிட்டு வைத்துவிடுவோம். சின்ன வயதிலிருந்து எதையும் அவளிடம் சொன்னால்தான் எனக்கு அது நடந்ததாகவே தோன்றும். அவளிடம் பேச முடியாமல் இருந்த அந்தக் காலம் முழுக்க எனக்குப் பாதி உயிர்தான்.

இது அவருக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்து ஆறுதலாக ஒரு வார்த்தை? மூச்சு விடமாட்டார். எனக்கு வராத கோபமில்லை.

ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குக் கோட் கொடுக்கப் போனவர், முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார். அந்த வீட்டுக் கொல்லையில், பிளாஸ்டிக் விரிப்புக்கு அடியில் ஒரு பழைய கார் நிற்கிறதாம். எங்கள் இரண்டு பேருக்கும் மூத்ததாம். வீட்டுக்காரர்கள் இடம் காலியானால் போதும் என்கிறார்களாம்.

"நமக்கு எதுக்குங்க இந்த ஓட்டை வண்டி?" என்றேன்.

"சீட்டு அளந்து பாத்தேன். உன் முழங்காலுக்கு ஒரு விரக்கடை மேலயே இருக்கு. நாற்காலி மாதிரி நேரா உக்காரலாம். கதவும் அகலம். திரும்பி உக்காந்து கால உள்ள எடுத்து வெச்சா போதும்."

"என் முழங்கால் எப்ப அளந்தீங்க?"

"உன் அளவு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு மிஷினில் குனிந்துகொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவருக்குக் காட்டிக்கொள்வேனா? காபி ஆறுகிறது என்று கத்தினேன்.

அடுத்த தெருவில் கேட்டும் கிரில்லும் செய்கிற ஒரு பெண் பட்டறை வைத்திருக்கிறாள். காரை அங்கேதான் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் ஒரு கம்பியால் தரையைக் குத்திப் பார்த்தாள். கம்பி மறுபக்கம் வந்தது.

"அண்ணே, நீங்க கொண்டு வந்தது கார் இல்ல, துரு. நடுவுல அங்கங்க கொஞ்சம் கார் இருக்கு."

"சரி பண்ண முடியுமா, முடியாதா?"

"இஞ்சின் பரவால்ல. உடம்புதான் போச்சு. எனக்கு நேரமில்ல. நீங்க வேணா கத்துக்குங்க, மிஷின் சும்மா இருக்கறப்ப எடுத்துக்குங்க." விளையாட்டாகத்தான் சொன்னாளாம். மறுநாள் இவர் தன் கடையைச் சாத்திவிட்டு, அவள் வருவதற்கு முன்பே பட்டறை வாசலில் நின்றார்.

முதலில் அவள் பெட்ரோல் டாங்கைக் கழற்றித் தூரத்தில் வைத்தாள். பிறகு வேண்டாத தகட்டுத் துண்டுகளைக் கொடுத்து, ஒட்டுங்கள் பார்க்கலாம் என்றாள். இவர் போட்ட வெல்டு கோழி கிளறினது மாதிரி இருந்தது. ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால், அதை அடைக்கிறேன் என்று இன்னும் சூடு வைப்பார். ஓட்டை இரண்டு மடங்காகும். அதைவிடக் கொடுமை, தையல் நேராக ஓடுகிறதா என்று பார்க்க முகமூடியைத் தூக்கிவிடுவார். பார்க்காமல் எப்படித் தைப்பது என்று கேட்டாராம். மறுநாள் கண் இரண்டும் சிவந்து, மணல் அள்ளிப் போட்டது போல் அரிக்கிறது என்று ஈரத்துணியோடு படுத்துக் கிடந்தார். நான் திட்டிய திட்டில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து போய்விட்டது.

இன்னொரு நாள் கழுத்து டேப்பில் தீப்பொறி விழுந்து ஒரு முனை உருகிப்போனது. உருகினதை வெட்டிவிட்டு மிச்சத்தையே மாட்டிக்கொண்டு வந்தார். கொஞ்ச காலம் எங்கள் கடையில் தைத்த சட்டைகளுக்கெல்லாம் மனக்கணக்கில்தான் அளவு.

பிறகு ஒருநாள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் பெட்டியை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "தகடும் துணி மாதிரிதான். ஒரே இடத்துல சூட்ட வெச்சா கருகும். இங்க ஒரு புள்ளி, தள்ளி ஒரு புள்ளி, ஆற விட்டு மறுபடி ஒண்ணு." அன்றிலிருந்து கை திருந்தியது. பழுப்புத் தாளில் காரின் தரைக்கு மாதிரி வெட்டினார், சுண்ணக்கட்டியால் தகட்டில் வரைந்தார், முதலில் அங்கங்கே புள்ளி வைத்து நிறுத்தி, சரிபார்த்து, அப்புறம்தான் முழுசாக ஒட்டினார். சட்டைக்கு நூலோட்டுவது போலத்தான். வெல்டு போடும்போது சத்தம் எண்ணெயில் பொரிகிற மாதிரி சீராக வந்தால் நல்ல வெல்டு என்று எனக்கே பாடம் நடத்தினார். நான் காரித் துப்பாத குறையாக முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். தரை முடிந்துவிட்டது. அக்காவிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் அடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது.

கதவுகளுக்குக் கீழே, காரின் இரண்டு பக்கமும், நீளவாட்டில் பெட்டி போல ஒரு தகடு ஓடும். காரின் முதுகெலும்பே அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் துரு தின்றிருந்தது. ஒரு பக்கத்தை வெட்டி எடுத்து, புதுசு வைத்து ஒட்டிய பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். எங்கள் ஆள் அப்படிச் செய்வாரா? சட்டைக்கு இரண்டு கையும் தனித்தனியாக வெட்டினால் ஒன்று போல வராது. துணியை மடித்து ஒரே வெட்டில் வெட்டுவதுதான் அவருக்குத் தெரிந்த நியாயம். கிரில்காரி கேட் மாட்ட வெளியே போயிருந்த நேரத்தில், பக்கங்கள் ஒன்று போல வரட்டும் என்று, இரண்டு பக்கத்தையும் ஒருசேர அறுத்து எடுத்துவிட்டார். கார் முனகிக்கொண்டே நடுவில் தொய்ந்து உட்கார்ந்துவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் தட்டில் என்ன இருக்கிறது என்றே பார்க்காமல் சாப்பிட்டார். உப்பு கூட என்றேன், சரி என்றார். குறை என்றேன், அதற்கும் சரி என்றார்.

"என்னங்க ஆச்சு?"

தட்டைத் தள்ளி வைத்தார். "கதவு மூடல."

மறுநாள் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு நானே பட்டறைக்குப் போனேன். கார் கிழிந்த தொட்டில் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. கதவை இழுத்துப் பார்த்தேன். அடியில் இடித்துக்கொண்டு, மேலே கை நுழைகிற சந்து விட்டுக்கொண்டு நின்றது. கிரில்காரி இடுப்பில் கை வைத்து அவரைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பக்கச் சுவரையும் இடிச்சுட்டு கூரை நிக்கும்னு நெனச்சீங்களா? முன்ன எந்த நெலையில இருந்துச்சுன்னு இப்ப யாருக்குத் தெரியும்? பழைய இரும்புக்குப் போட்டுருங்கண்ணே. சொல்றேன்னு வருத்தப்படாதீங்க."

அவர் டேப்பின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். எனக்கு அழுகை முட்டியது. அக்காவைப் பார்க்கப் போவதில்லை என்பது ஒருபக்கம். அந்த மனிதர் என் முகத்தைப் பார்க்காமல் நின்றாரே, அதுதான் தாங்கவில்லை. கூட வாழ்ந்த காலமெல்லாம் என்னிடம் எத்தனை வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார், ஒருநாளும் தலையைக் குனிந்தவரில்லை.

"துணி தப்பா வெட்டிட்டா என்ன பண்ணுவீங்க? தூக்கி எறிஞ்சுருவீங்களா?" என்று சத்தமாகவே கேட்டேன்.

"போட்டுப் பாப்பேன்" என்றார், பழக்கத்தில். சொன்னவர் அப்படியே நின்றார். காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கதவு மாறல. அது பழைய அளவுலயேதான் இருக்கு. கதவ மாட்டி வெச்சு, அதுக்குச் சரியா வர்ற வரைக்கும் வண்டியத் தூக்கினா?"

கிரில்காரி யோசித்தாள். "தூக்கலாம். ஆனா வெறும் வண்டிய வெச்சு ஒட்டிட்டா, ஆள் ஏறினதும் மறுபடி இறங்கிருமே?"

"அதான் போட்டுப் பாக்கணும்ங்கறேன். போட்டுக்கப் போறவங்க உள்ள இருக்கணும்."

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன விளையாடறீங்களா?" என்றேன்.

நான் திரும்பி, பின்பக்கமாகச் சாய்ந்து, அந்த இருக்கையில் உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளே வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. மடியில் நனைத்த கம்பளி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. கிரில்காரி ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "பயப்படாதீங்க அண்ணி, நான் இருக்கேன்" என்றாள். தண்ணீரைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயமே வந்தது.

காரின் நடுவயிற்றில் ஜாக்கி வைத்துக் கொஞ்சம் தூக்குவார். கதவை மூடிப் பார்ப்பார். சந்தில் விரலை விட்டு மேலிருந்து கீழ்வரை ஓட்டுவார். திரும்பக் கொஞ்சம். "மூச்ச இழுத்துப் பிடிக்காத, சாதாரணமா இரு" என்றார். சட்டைக்கு அளவெடுக்கும்போது எல்லோரிடமும் சொல்வதைத்தான் என்னிடமும் சொன்னார். மெல்ல மெல்லச் சந்து ஒரே அகலமாக வந்தது. கதவை விட்டார். அது தானாகப் போய், டக்கென்று மூடிக்கொண்டது. கிரில்காரி வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள். இவர் என்னை அசையாதே என்று சொல்லிவிட்டு, புதுத் தகட்டை அண்டக் கொடுத்து, இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டே வந்தார். பொறி பறந்தது. கம்பளி கருகிய நாற்றத்தில் நான் அவர் பரம்பரையையே இழுத்து வைது தீர்த்தேன். அவருக்கு முகமூடிக்குள்ளே ஒன்றும் கேட்கவில்லை. பொரிகிற சத்தம் மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது.

வண்டி ரோட்டில் ஓடலாமா என்று பார்க்கிற அதிகாரி காருக்கு அடியில் விளக்கடித்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, போகலாம் என்று சொல்லிவிட்டார். ஒரு காலைப்பொழுதில் கிளம்பினோம். பாலத்தைத் தாண்டும்போது ஜன்னலைத் திறந்து ஆற்றைப் பார்த்தேன். எத்தனை நாளாயிற்று! இவர் பாதி ரோட்டையும் பாதி கதவுச் சந்தையும் பார்த்தபடி ஓட்டினார்.

அக்கா வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். அந்தப் பழைய ஹாரன் எருமை மாதிரி கத்தியது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது, மாடியில் ஒரு தலை எட்டிப் பார்த்தது, கடைக்காரர் வெளியே வந்தார். தெருவே வந்துவிட்டது, அக்காவைத் தவிர. இவர் திரும்பவும் அடித்தார்.

"அவளுக்குக் காது கேக்காதுங்க" என்றேன்.

கையை ஹாரனிலிருந்து எடுத்துக்கொண்டார். "நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

"வேணாம், நானே போறேன்."

நானே கதவைத் திறந்தேன். காலை வெளியே எடுத்து வைத்து, இருக்கையின் ஓரத்தைப் பிடித்து எழுந்து நின்றேன். யாரும் தூக்கிவிடவில்லை. ஊன்றுகோலோடு வீட்டின் பக்கவாட்டில் நடந்து சமையலறை ஜன்னல் வரை போனேன். அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு அத்தானின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு மெலிந்துவிட்டாள்! கண்ணாடியைத் தட்டிப் பயனில்லை. அவளாகத் திரும்பட்டும் என்று நின்றேன். ஒரு சட்டையை அலமாரியில் வைக்கத் திரும்பினாள்.

அவள் போட்ட கூச்சல் அவளுக்கே கேட்டிருக்காது. சட்டை ஒரு பக்கம் விழுந்தது. ஓடி வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"சொல்லுடி" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. "எல்லாத்தையும் சொல்லு. வாயப் பாக்கறேன், சொல்லு."

எவ்வளவு அடுக்கி வைத்திருந்தேன்! வாயைத் திறந்தேன். அக்கா என் உதட்டையே பார்த்தாள். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு இன்னும் கிட்டே வந்து பார்த்தாள்.

"ஒண்ணுமே புரியலடி" என்று முன்றானையால் என் கன்னத்தைத் துடைத்தாள். "அழுதா உதடு கோணுது. மொதல்ல அழுது முடி, அப்புறம் பேசலாம்."