சிக்கானோ வீட்டுக்குச் சீர் கொண்டுபோனோம்

அடுத்த வீட்டு அடுப்படிக்குச் சம்பளத்துக்குப் போகிறவளுக்குக் கைப்பக்குவம் இருந்தால் மட்டும் போதாது, நெஞ்சு பலமும் வேணும். வீட்டுவேலைக்குப் போகிற அக்காமாருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார், மகள் பால்வாடிக்குப் போகிறாள். நாலு பேர் கூடின இடத்தில் தலை நிமிர்ந்து பேசத் தெரியாது. என்னைப் போய் ஒரு அமெரிக்கா வீட்டில் சமையலுக்குச் சேர்த்துவிட்டார்கள். அந்த வீட்டு மேடம், தன் மகள் லூசியாவுக்கு ஒரு விசேஷத்தை இந்த ஊரில் வைத்து நடத்தியே தீருவேன் என்று நின்றார்கள். அது நடந்து முடிவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

முதலாளி யாரு?

அமெரிக்கா என்றால் வெள்ளையாக, பனைமரம் உயரத்துக்கு இருப்பார் என்று நினைத்துப் போனேன். கதவைத் திறந்தவர் நம்ம நிறம், நம்ம உயரம், நம்ம மீசை. வீட்டு டிரைவர் போல என்று நினைத்துவிட்டேன். "அண்ணாச்சி, முதலாளி எப்ப வருவாக?" என்று தரையைப் பார்த்தபடியே கேட்டேன். அவர் முழித்தார். போனை எடுத்து என் வாய்கிட்ட நீட்டித் திரும்பச் சொல்லும்படி சைகை காட்டினார். அது இங்கிலீசில் ஏதோ சொன்னது. மனுசன் விழுந்து விழுந்து சிரித்தார்.

அவர்தான் முதலாளி. துறைமுகத்தில் காற்றாலை இறக்கைகளைக் கப்பலேற்றுகிற கம்பெனியில் இஞ்சினியர். நான் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் போனில் பேசினார், அது தமிழில் சொன்னது: "பயப்படாதீர்கள். நான் ஓட்டுநர் என்றுதான் அமெரிக்காவிலும் நினைப்பார்கள்."

சோளத்தில் சுண்ணாம்பு

மேடம் என்னை ஒரு நாள் சுண்ணாம்பு வாங்கி வரச் சொன்னார்கள். வெத்திலைக்குத்தான் போல என்று வாங்கிக் கொடுத்தேன். அடுப்பில் மக்காச்சோளம் வெந்துகொண்டிருந்தது. அந்தம்மா சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து அந்தப் பானைக்குள் ஊற்றினார்களே பார்க்கணும்!  குடும்பத்தோடு எதுவும் செய்துகொள்ளப் போகிறார்களோ என்று கீழே ஓடி வாட்ச்மேன் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் கேட்டை விட்டு வரச் சாயங்காலம் ஆகிவிட்டது.

அவர் மேலே வந்து பார்த்தபோது சோளத்தைக் கழுவித் தோல் நீக்கி அரைத்து, ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்கள். சோளத் தோல் கழலத்தான் சுண்ணாம்பாம், அவர்கள் ஊரில் ஆதிகாலத்துப் பழக்கமாம். சுடச்சுட ஒரு ரொட்டியை வாங்கித் தின்றுகொண்டே அண்ணாச்சி என்னைப் பார்த்தார்: "ஏளா, சுண்ணாம்பு தடவுன கலயத்துப் பதனியத்தானே வருசா வருசம் குடிக்க? செத்தா போன?"

பேர்

கேட் பாசுக்கு என் முழுப்பேர் கேட்டார்கள். தகப்பனார் வழிக் குடும்பப் பேரோடு, 'அந்தோணியம்மாள் கோமஸ்' என்றேன். மேடம் போட்ட சத்தத்தில் கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது. அந்தக் குடும்பத்துக்கும் அதே பேர்தானாம்! நம்ம கடற்கரையில் போர்ச்சுக்கல்காரன் ஞானஸ்நானம் கொடுத்து வைத்துவிட்டுப் போன பேர் இது என்று எங்கய்யா சொன்னதைச் சொன்னேன். சார் தலையை ஆட்டினார். போன் சொன்னது: "எங்களுக்கு ஸ்பெயின்காரன் வைத்தான். அவர்கள் இரண்டு பேரும் அங்கே பக்கத்துப் பக்கத்து வீடு."

எந்த ஊர்?

அப்படியானால் நீங்கள் அமெரிக்காவா, ஸ்பெயினா என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். "சிக்கானோ" என்றார்கள் மேடம். மெக்சிகோவில் இருந்து போன குடும்பங்களில், அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அப்படிச் சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு ஒரு பெருமை. ஆனால் வீட்டுப் பாசை ஸ்பானிஷ் மேடத்துக்குச் சரியாக வராது. அவர்கள் அம்மா பள்ளிக்கூடத்தில் அதைப் பேசினதற்கு வாத்தியாரிடம் அடி வாங்கினார்களாம். பிள்ளைக்கும் அந்த அடி விழக் கூடாது என்று சொல்லியே கொடுக்கவில்லையாம். தாய் பேசுகிற பேச்சைப் பேசினால் அடியா? 

மேடம் கொத்தமல்லி ஆய்ந்தபடியே போனில் பேசினார்கள். "மெக்சிகோவுக்குப் போனால் என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். அமெரிக்காவில் என் முகத்தைப் பார்த்து எந்த ஊர் என்பார்கள். இங்கே காய்கறிக்காரம்மா மட்டும்தான் ஒன்றும் கேட்காமல் என்னிடம் தமிழில் விலை சொல்கிறார்."

மண்டையோடு

கல்லறைத் திருநாளுக்கு நாம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். அவர்கள் வீட்டிலேயே மேசை போட்டு, செத்தவர்கள் படங்களை அடுக்கி, செவ்வந்திப் பூவும் பலகாரமும் வைத்திருந்தார்கள். அதுவரை சரி. பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே ஒரு மண்டையோடு பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறது! நான் அலறின அலறலில் லூசியா ஓடி வந்தாள். இங்கேதான் பள்ளிக்கூடம் போகிறாள், தமிழ் ஒட்டிக்கொண்டது. "பயப்படாதீங்க அக்கா, சீனிதான். எங்க பெரியப்பா" என்றாள். நெற்றியில் அவர் பேர் எழுதியிருந்தது.

மேடம் சிரிக்கவில்லை. அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். போன் வழியாகச் சொன்னார்கள்: "செத்தவர்களுக்கு விசா வேண்டாம், வந்துவிடுவார்கள். லூசியா விசேஷத்துக்கு உயிரோடு இருப்பவர்கள்தான் வர முடியாது."

களி

விசேஷம் நெருங்க நெருங்க வீடு இழவு வீடு மாதிரி ஆனது. பெட்டியில் இருந்து பெரிய ரோஸ் கவுனும் ஒரு கிரீடமும் வெளியே வந்தன. பிள்ளையோ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், சாப்பாடும் உள்ளேதான். மேடம் அடுப்படியில் நின்று அழுதார்கள். அவர்கள் ஊரில் கிரீடம் ஒருத்தர், செருப்பு ஒருத்தர், கேக் ஒருத்தர் என்று சொந்தபந்தம் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து நிற்குமாம். இங்கே யார் இருக்கிறார்கள்? ஆளில்லாத விசேஷம் வேண்டவே வேண்டாம் என்கிறாளாம் மகள்.

நீங்களே சொல்லுங்கள், இதைப் பார்த்தால் நமக்கு என்ன தோன்றும்? பிள்ளை அறைக்குள், புதுத் துணி, சொந்தக்காரர்கள் சீர். சடங்குதானே! பிள்ளை சமைஞ்சிருக்கு, தாய்மாமன் சீர் வராமல் தாய் அழுகிறாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். எங்கள் தெருத் தெரேசாக்காவிடம் சொன்னேன். அவர்கள் தெரு முழுக்கச் சொன்னார்கள். மறுநாள் தெருவே தாம்பாளம் தூக்கிவிட்டது. பூ, வளையல், பழம், முந்திரி மக்ரூன், பட்டுப்பாவாடை. நான் கருப்பட்டி போட்டு உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் பாட்டிலும் பச்சை முட்டையுமாகக் கடைசியில் நின்றேன்.

சார் கதவைத் திறந்து அப்படியே நின்றுவிட்டார். "பிள்ளைய எங்க? தண்ணி ஊத்தணும்லா!" என்று தெரேசாக்கா உள்ளே போய்விட்டார்கள். சத்தம் கேட்டு லூசியா வெளியே வந்தாள். போன் அங்கும் இங்கும் மொழிபெயர்த்து முடிக்கும்போது தெரிந்தது. அது பதினஞ்சு வயசு நிறைவதற்கு எடுக்கிற விழா, அவ்வளவுதான். பிள்ளை சமைஞ்சது பதினோரு வயசிலேயே. லூசியாவுக்கு முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. வேலை போச்சு என்றே நினைத்தேன். தெரேசாக்கா என் பக்கம் திரும்பினார்கள்: "ஏளா, நாலு வருசம் கழிச்சா களி கிண்டியாந்திருக்க?"

ஆளுக்கொன்று

மேடம் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று எனக்குப் பிடிபடவில்லை. அப்புறம் எழுந்து ஒவ்வொரு தாம்பாளமாகப் போய், இது யார் கொண்டுவந்தது, இது யார் என்று கேட்டார்கள். கேட்டுக் கேட்டு மகளிடம் இங்கிலீசில் சொன்னார்கள். லூசியா என்னை முறைத்தபடியே வந்து, என் கையில் இருந்த முட்டையைத் தள்ளி வைத்தாள். தெரேசாக்காவிடம் கையை நீட்டினாள். "களியெல்லாம் வேண்டாம். வளையல் போட்டு விடுங்க."

செருப்பு

கோயிலில் பூசை, பக்கத்து ஹாலில் விழா. எங்கள் தெரு மொத்தமும் இருந்தது. ரோஸ் கவுன், தலையில் கிரீடம், கிரீடத்தைச் சுற்றி மல்லிகை. அப்போது அவர்கள் வழக்கப்படி சார் மகள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். சின்னப் பிள்ளைச் செருப்பைக் கழற்றிவிட்டு, தகப்பன் கையால் குதிகால் உயர்ந்த செருப்பை மாட்டிவிட வேண்டுமாம். தகப்பன் மகள் காலைத் தொடுவதா? 

புதுச் செருப்பைக் கொண்டுவர வேண்டிய ஞானத்தாய் யார் என்று பார்த்தால், மேடம் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்! என் வீட்டுக்காரரே வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார். சமையல்காரி நான், அத்தனை பேர் நடுவில், தாம்பாளத்தில் செருப்பை ஏந்திக்கொண்டு, தலையைத் தரையில் புதைத்தபடி நடக்கிறேன். முன்னால் இருந்து லூசியா சத்தமாகச் சொன்னாள்: "ஏளா அக்கா, நிமிர்ந்து வா! எங்க சொந்தக்காரங்க யாரும் குனிஞ்சு நடக்க மாட்டாங்க!"

சொந்தம் என்று ஆகிவிட்டால் சும்மா விடுவார்களா, என் மகள் காதுகுத்துக்கு நாள் குறித்ததைத் தெரேசாக்காவுக்குச் சொல்லிவிட்டுத் தனக்கு அப்புறம் சொன்னேன் என்று மேடம் இப்போது என்னிடம் முறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.