என் பெயரில் ஒரு சால்வை

சால்வையின் மேல் குத்தியிருந்த சிறிய அட்டையில் என் பெயர் இருந்தது. அறுபதுகளில் சிதம்பரத்தில் கல்லூரியில் படித்தபோது, எங்கள் பெண்கள் விடுதியில் நடந்த கைவேலைக் கண்காட்சி அது. அட்டையை எழுதியது நான். சால்வையில் ஒரு கண்ணிகூட நான் போட்டதில்லை.

பின்னியவர் கடலூரில் இருந்த என் அண்ணி. அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் குல்லாவும் ஸ்வெட்டரும் பின்னிக் கொடுத்தபின் மிஞ்சும் உல்லன் நூலைப் பழைய தலையணை உறை ஒன்றில் சேர்த்துவைப்பார். ஒரு வருஷம் வீட்டுக்கு வந்த காலண்டரில் ஏதோ குளிர்நாட்டு மரங்கள், இலையெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக நின்றன. "தீப்புடிச்ச மாதிரி இருக்கே பாப்பா, பட்டுப்போச்சா இதெல்லாம்?" என்று கேட்டார். அங்கே குளிர் வருவதற்கு முன்னால் இலைகள் இப்படி நிறம் மாறித்தான் உதிரும் என்று, படித்தவள் என்கிற மிடுக்கோடு விளக்கினேன். அன்றே உறையைக் கொட்டி அரக்கு, கடுகு மஞ்சள், செங்கல் நிறம், காப்பிப்பொடி நிறம் என்று பிரித்துவைத்துக் குரோஷா ஊசியை எடுத்துவிட்டார். ஒரு நூல் தீர்ந்த இடத்தில் அடுத்த நிறத்தை முடிச்சுத் தெரியாமல் சேர்த்தார். மார்கழிக் குளிருக்கு நான் போர்த்திக்கொள்ளத்தான் அத்தனையும்.

விடுதியில் எல்லோரும் அதைத் தடவிப் பார்த்து, யார் பின்னியது என்று கேட்டபோது, "நான்தான்" என்று வாயில் வந்துவிட்டது. அப்புறம் மாற்றிச் சொல்லத் தைரியம் வரவில்லை. கண்காட்சி மேசைவரை அந்தப் பொய் போயிற்று.

அண்ணி வருவார் என்று நான் நினைக்கவில்லை. அண்ணன் ஏதோ வேலையாகச் சிதம்பரம் வர, அவரும் கூடவே வந்து என்னைப் பார்க்க விடுதிக்குள் நுழைந்திருந்தார். அந்த நேரம்தான், பரிசுக்குப் பார்வையிட்ட ஆசிரியை ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டி, ஓரத்துப் பூவேலையில் ஒரு வரி போட்டுக் காட்டச் சொன்னார். ஊசியை எப்படிப் பிடிப்பது என்றே எனக்குத் தெரியாது. அண்ணி அட்டையைப் படித்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஆசிரியையிடம் மெதுவாகச் சொன்னார்:

"நாலு பேரு பாத்தா அவளுக்குக் கை ஓடாதும்மா. அவ பின்னுனத நான் பக்கத்துல இருந்து பாத்தேன்."

பரிசு எனக்குத்தான் கிடைத்தது. கிளம்பும்போது அண்ணி, மதியம் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்தவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்க வேண்டியவள் நான். ஒருமுறை அவர் திட்டியிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பேன். திட்டாத அந்த முகத்துக்கு எதிரே எனக்கு வாய் வரவேயில்லை.

சென்ற மாதம் அவர் மகள் வந்திருந்தாள். அத்தை சால்வை பின்னிப் பரிசு வாங்கியதைக் கேட்டே வளர்ந்தவள். அந்தப் பின்னலைத் தனக்கும் சொல்லித்தர வேண்டும் என்றாள். இந்த வயதில் இனி மறைக்க என்ன இருக்கிறது என்று நடந்ததை எல்லாம் சொன்னேன். பின்னியது உன் அம்மாதான் என்றேன்.

அவள் சிரித்தாள். "அம்மா எப்பவோ சொல்லிட்டாங்க அத்தை. 'உங்க அத்தை ஒருநாள் இப்படித்தான் சொல்லுவா, அவளுக்குத் தன்னைப் பத்திப் பெருமையா பேசத் தெரியாது, நீ நம்பிடாதே'ன்னு."

மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பவே இல்லை.