குடம்புளிப் பொடியும் நான் சேர்த்த வரியும்

முதலில் மாறியது சிறுநீரின் நிறம். கடுந்தேநீர் போல இருந்தது. சூடு என்று நினைத்து இளநீர் குடித்தேன்.

அப்போது திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் தட்டச்சு வேலை. நாள் முழுதும் உட்கார்ந்து உடம்பு கனத்திருந்தது. இளைப்பதற்காக ஆறு வாரமாகக் குடம்புளிச் சத்துப் பொடி சாப்பிட்டு வந்தேன். மலையாளத்தார் மீன் குழம்பில் போடும் பழம்தான். பொடி விற்ற கடைக்காரர் கொடுத்த துண்டுத்தாள் ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ராயபுரத்தில் எங்கள் தெருப் பெண்களுக்காக அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். முடிவில், 'பழம் என்பதால் கெடுதல் இல்லை' என்று ஒரு வரி சேர்த்தேன். அது அந்தத் தாளில் இல்லை.

சோறு பிடிக்காமல் போயிற்று. ரவிக்கை தளர்ந்தது. எதிர்வீட்டு பிலோமினா அக்கா, "இன்னாமே, காத்தடிச்சா எண்ணூருக்குப் பூடுவே போல கீதே" என்று சிரித்தார். அன்றே அவரும் அந்தப் பொடி ஒரு டப்பா வாங்கினார்.

கண் மஞ்சளானதும் அப்பா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். ஹெபடைடிஸ் (கல்லீரல் அழற்சி) என்றார் டாக்டரம்மா. நாங்கள் கொண்டுபோன பொடி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. கிருமியாலயும் வரும். ஆனா குழம்புல ரெண்டு துண்டு போடுறது வேற, சத்தை இறக்கித் தினம் விழுங்குறது வேற. இளைக்கும்னு யார் சோதிச்சுப் பார்த்தாங்க?"

"நான் இளைச்சேனே, டாக்டர்."

"அது நோய்ம்மா."

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் பிலோமினா அக்கா ரொட்டியோடு பார்க்க வந்தார். பொடியை நிறுத்தச் சொன்னேன்.

"உனுக்கு ஒத்துக்கல. எனுக்கு ஒண்ணியும் ஆவலயே. கெடுதல் இல்லன்னு நீதானே எயிதிக் குட்த்தே?"

"அந்த வரி தாள்ல இல்லக்கா. நானா எழுதினது."

அக்கா ரொட்டி சுற்றி வந்த காகிதத்தை மறுபடி மடித்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக் கீழிமையை இழுத்துக் காட்டினார்.

"மஞ்சளா கீதா பாரு."

வெள்ளையாகத்தான் தெரிந்தது. என் கண்ணை நான் நம்பவில்லை. டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் ரத்தம் எடுக்கச் சொன்னார். அக்காவுக்கு ஒன்றுமில்லை என்று தெரிய இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் எனக்குப் பசி, வலி எதுவும் நினைவில்லை.

இதைப் படிக்கும் நீங்கள் இளைக்கவென்று எதையாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால், டப்பாவோடு டாக்டரிடம் போங்கள்.

நான் தேற மூன்று மாதமாயிற்று. போன எடை திரும்பி வந்தது, நான் அளக்கவில்லை. இப்போது காலை என்பது சிறுநீரின் நிறம் பார்க்கும் நேரம். மாலை என்பது, வேலை முடிந்து வரும்போது வாசலில் அக்கா இமையை இழுத்துக் காட்டும் நேரம். நான் பார்த்து, வெள்ளைதான் என்று தலையசைப்பேன்.